பொட்டு வைத்த மெசின்

மழை பெய்தால் எங்கள் வீட்டுச் சுவர் தேத்தண்ணி வாசம் விடும். அழகுக்காகச் சொல்லவில்லை. அது பலகைச் சுவர். வருஷக்கணக்கில் தேயிலைத் தூளை உறிஞ்சி உறிஞ்சி ஊறிப்போனது. ஈரம் பட்டதும் உள்ளே இருந்ததையெல்லாம் திருப்பிக் கொடுக்கும். கேமரன் மலையில் மழைக்கு விடுமுறை கிடையாது என்பதால் என் பாவாடை, தலைமுடி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அந்த வாசம்தான். பக்கத்து இருக்கைப் பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், இவமேல 'பாக்டரி வீச்சம்' அடிக்குது" என்பாள். இன்றைக்கு அதே வாசத்தைச் சின்னப் புட்டியில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். எனக்கு அது அப்போதே இலவசமாகக் கிடைத்தது, வேண்டாம் என்றாலும் விடவில்லை.

நான் வளர்ந்தது ஒரு தொழிற்சாலைக்குள். ஆற்றுத் தண்ணீரை வைத்து மெசின் ஓட்டலாம் என்று வெள்ளைக்காரத் துரைமார் ஆற்றங்கரையை ஒட்டிக் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலை அது. எழுபதுகளின் தொடக்கத்தில், மேலே ரோட்டோரமாகக் கரண்டில் ஓடுகிற புதுத் தொழிற்சாலை வந்தது. அதன் பக்கத்திலேயே ஆட்கள் குடியிருக்க, வரிசை வீடுகளாகப் புது லயங்களும் வந்தன. கீழே குடியிருந்தவர்கள் எல்லாரும் தகரப் பெட்டி, கோழிக்கூடு, சாமிப்படம் எல்லாவற்றையும் தலையில் வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் மேலே ஏறிவிட்டார்கள். ஆட்கள் போனதும் பழைய லயங்களை உடைத்துத் தேயிலைக் கன்று நட்டார்கள். ஆற்றங்கரையில் மிஞ்சியது அந்தத் தகரக் கூரைத் தொழிற்சாலையும், அதன் முன்பக்கத்து ஆபீஸ் அறையில் குடியிருந்த நாங்கள் மூன்று பேரும்தான்.

நாங்கள் ஏன் போகவில்லை என்றால், என் அப்பாவுக்கு வலது கை மணிக்கட்டோடு இல்லை. அவர் ரோலர் மெசினில் வேலை பார்த்தவர். ரோலர் என்பது ஒரு பெரிய வட்டமான இரும்பு மேசை. அதன்மேல் அடியில்லாத தொட்டி ஒன்று சுற்றிச் சுற்றி வந்து, வாடிய கொழுந்தை முறுக்கிப் பிழியும். ஒருநாள் கொழுந்தோடு சேர்த்து அப்பாவின் கையையும் முறுக்கிவிட்டது. ஒற்றைக் கை ஆளுக்கு என்ன வேலை கொடுப்பது என்று யோசித்த துரை, மூடிய தொழிற்சாலைக்கு 'ஜாகா'வாக, அதாவது காவல்காரராக, அவரை வைத்தார். எதனிடமிருந்து காவல் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. தினமும் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வருவார். உள்ளே வந்தால் ரோலர் இருக்கும் பக்கம் மட்டும் திரும்பாமல், சண்டைபோட்ட சொந்தக்காரனைக் கல்யாண வீட்டில் கடப்பதுபோல் கடந்து போவார்.

அம்மா விடிந்ததும் கொழுந்தெடுக்க மலைக்குப் போய்விடுவாள். பள்ளிக்கூடம் விட்டு நான் தேயிலைச் சரிவில் தனியாக இறங்கி வரும்போது, முதலில் வாசலைத்தான் பார்ப்பேன். தொழிற்சாலைக்கும் எங்கள் அறைக்கும் ஒரே வாசல். அங்கே எத்தனை செருப்பு கிடக்கிறது என்பதை வைத்துத்தான் வீட்டில் எவ்வளவு கூட்டம் என்று கணக்கெடுப்பேன். பெரும்பாலும் ஒரு செருப்பும் இருக்காது. என்னுடையதைக் கழற்றி நடுவில், நன்றாகத் தெரிகிறமாதிரி வைத்துவிட்டு உள்ளே போவேன். யார் பார்க்க என்று கேட்காதீர்கள்.

மாடியில் கொழுந்து வாட்டுகிற தட்டுகள் வரிசை வரிசையாக, சாக்குத் துணி கிழிந்து தொங்க, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நிற்கும். அவற்றின்முன் நின்று நான் பேசுவேன். டீச்சர் மாதிரி, துரை மாதிரி, காய்கறி லாரிக்காரன் மாதிரி. இன்றைக்கும் கல்யாண வீடுகளிலும் ஓய்வுபெறும் விருந்துகளிலும் நாலு வார்த்தை தமாஷாகப் பேச என்னைக் கூப்பிடுகிறார்கள். அந்தத் தட்டுகளைப்போல் பொறுமையான கூட்டம் எனக்கு மறுபடி வாய்த்ததில்லை. கீழே வந்தால் ரோலர். அதற்கு நான் 'பெரியப்பா' என்று பெயர் வைத்திருந்தேன். கோலா தெர்லாவில் தோட்டம் போட்டிருந்த என் நிஜப் பெரியப்பாவும் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க மாட்டார், உருவமும் ஏறக்குறைய அதே வட்டம். தொட்டிக்குள் இறங்கி உட்கார்ந்தால் வெளியே ஆறு ஓடுகிற சத்தம் உள்ளே வேறுமாதிரி, யாரோ தூரத்தில் கூட்டமாகப் பேசுவதுபோல் கேட்கும். அந்தக் கூட்டத்துக்காகவே மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பேன்.

லயத்துப் பிள்ளைகளை வரச்சொல்லிக் கூப்பிடாத நாள் இல்லை. "ஒங்க வீட்டுக்கா? அங்க பேய் இருக்குன்னு எங்கம்மா சொன்னாங்க" என்பார்கள். "அது நான்தான், வாங்க, அறிமுகப்படுத்தி வைக்கிறேன்" என்பேன். சிரிப்பார்கள். ஆனால் வரமாட்டார்கள். சிரிக்க வைத்துவிட்டால் ஆள் வந்துவிடும் என்று நினைத்துப் பழகிய பழக்கம், இன்னும் என்னை விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, நான் சரிவில் இறங்கி வரும்போது வாசலில் லாரி நின்றது. ஈப்போவிலிருந்து பழைய இரும்பு வாங்கவந்த சீன முதலாளி, தவுக்கே என்போம், அவரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும். தோட்டத்து ஆபீஸ் அவருக்கு மெசின்களை விற்றுவிட்டதாம். மெசின்களை ஏற்றியதும் கட்டடத்தையும் உடைத்து, அந்த இடத்தில் கன்று நடப்போகிறார்கள் என்று கூடவே வந்த கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். கட்டடம் போனால் ஜாகா வேலை போகும். ஒற்றைக் கைக்காரருக்கு மேலே வேறு வேலை இல்லை என்பது ஏற்கெனவே தெரிந்த செய்தி. அப்படியானால் பேராக்கில் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் மாமா வீட்டுக் கூடத்தில் ஒரு மூலைதான் எங்களுக்கு. அந்த மாமி சிரிக்கவே தெரியாதவள். எனக்குத் தொழிலே போய்விடும்.

அப்போது மேலேயிருந்து அஞ்சலைப் பெரியம்மா, முதுகில் கொழுந்துக் கூடையோடு, பின்னால் நாலைந்து பொம்பளைகளோடு, சரிவில் ஓடாத குறையாக இறங்கி வந்தாள். அவள் என் அப்பாவோடு அதே தொழிற்சாலையில் தூள் சலித்தவள். இப்போது மலையில் கொழுந்தெடுக்கிறாள். சொந்தம் இல்லை, ஆனால் என் அம்மாவைவிட மூத்தவள் என்பதால் எனக்குப் பெரியம்மா. அவளுக்கு இந்தக் கட்டடத்தின்மேல் ஒரு கண் இருந்தது. தமிழ் என்கிற தன் மகளுக்குக் கம்போங் ராஜாவில் மாப்பிள்ளை பார்த்து, தீபாவளி கழிந்து கல்யாணம் என்று பேசி முடித்திருந்தாள். மேலே லயத்தில் அதற்கு முன் நடந்த கல்யாணத்தில் கூடாரம் ஒழுகி, சாம்பார் பந்தி நடுவிலேயே ரசமாக மாறியிருந்தது. ஆகையால் பழைய தொழிற்சாலையை எல்லாருக்கும் பொதுவான ஹாலாக ஆக்கிக் கொடுங்கள் என்று துரையிடம் போய் நின்றிருந்தாள். துரை "பாக்கலாம்" என்றிருந்தார். அவர் பார்ப்பதற்குள் ஆபீஸ் விற்றுவிட்டது.

"என்னய்யா ராமையா, கையக் கட்டிக்கிட்டு நிக்கிற?" என்றாள் அப்பாவைப் பார்த்து.

"கட்டறதுக்கு இன்னொரு கை வேணுமேக்கா" என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் தமாஷ் யார் பக்கத்திலிருந்து வந்தது என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை என்பதால் மலையில் முனீஸ்வரன் கல்லுக்கு வைக்க, மடியில் சந்தனமும் குங்குமமும் சூடமும் முடிந்து வைத்திருந்தாள். நேராக உள்ளே போனாள். ரோலரின் நெற்றி என்று அவளுக்குத் தோன்றிய இடத்தில் சந்தனத்தை அப்பினாள். நடுவில் குங்குமம் வைத்தாள். மேசை விளிம்பில் சூடத்தைக் கொளுத்தினாள். கூட வந்தவர்கள் ஒரு கணம் முழித்துவிட்டுப் பிறகு கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். முந்தின நாள் அதற்குள் உட்கார்ந்து நிலக்கடலை தின்றவள் நான்.

தவுக்கே கையிலிருந்த சங்கிலியைக் கீழே விட்டார். "இது சாமியா அம்மா? ஆபீஸ்ல மெசின்னு சொன்னாங்கலா."

"வருசா வருசம் ஆயுத பூஜைல பூச வாங்குன சாமான் தவுக்கே. சும்மா இல்ல" என்று சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, அப்பாவின் பக்கம் கையை நீட்டினாள் அஞ்சலைப் பெரியம்மா. "இந்தா நிக்கிறாரே, இவரு கையவே காணிக்கையா வாங்கியிருக்கு."

தவுக்கே அப்பாவின் மணிக்கட்டைப் பார்த்தார். அப்பாவும் உதவியாக அதைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். அவ்வளவுதான். தவுக்கே லாரிக்குப் போய், முன்கண்ணாடி ஓரத்தில் செருகியிருந்த ஊதுபத்தியை எடுத்துவந்து, ரோலர் முன் குனிந்து குனிந்து வணங்கிவிட்டு, "நான் தொடமாட்டேன்லா, டத்தோ சாமி இருக்கு" என்று கிராணியிடம் சொல்லி, வெறும் லாரியோடு ஏறிப் போய்விட்டார். அப்புறம் எப்போது அந்த ரோட்டில் போனாலும் மேலேயிருந்து ஹாரன் அடித்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவார்.

துரை கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். பிறகு கிராணியிடம் சொல்லியனுப்பினார்: "அந்தப் பொண்ணு கல்யாணம் அங்க நடந்தா கட்டடம் ஹாலாவே இருக்கட்டும், எல்லாரும் பொழங்கிக்கங்க. நடக்கலைன்னா மழை முடிஞ்சதும் இடிச்சிடுவேன்."

அன்றைக்கு நான் மாடிக்குப் போய்த் தட்டுகளிடம், இன்னும் கொஞ்ச நாளில் இங்கே ஆட்கள் வருவார்கள், நீங்கள் கொஞ்சம் தள்ளி நிற்கவேண்டியிருக்கும் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

வந்தது ஆட்கள் இல்லை, பெருமாள் கங்காணி. கங்காணி வேலையெல்லாம் எப்போதோ போய்விட்டாலும் பெயரில் அது ஒட்டிக்கொண்டிருந்தது. அப்போது அவர் கோயில் தலைவர். நல்ல மனுஷர். கெட்ட மனுஷராக இருந்திருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். தவுக்கே கும்பிட்ட கதை லயத்துக்கு ஏறிப்போகும்போதே கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, வித்தையாகத் தொடங்கியது மகிமையாகப் போய்ச் சேர்ந்திருந்தது. கங்காணி இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ரோலரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "வெச்சது வெச்சாச்சு. இனிமே முறைப்படி நடந்துக்கணும். செருப்புப் போட்டுக்கிட்டு உள்ள வரக்கூடாது. கவுச்சி ஆவாது. தீட்டு ஆவாது. புள்ளைங்க மேல ஏறக்கூடாது. ராமையா, பக்கத்துலயே இருக்கிறவரு நீங்க, தெனம் ஒரு வெளக்கு மட்டும் ஏத்திருங்க."

எங்கள் அறைக்கு அதே வாசல், அதே கூரை என்பதை யாரும் யோசிக்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சம்பலில் நெத்திலி இல்லை. மாதத்தில் அந்த மூன்று நாளும் அம்மா எங்கே போவாள் என்று அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டதற்கு, கங்காணி ஆற்றுப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொள்ளலாம் என்றார். அம்மா உள்ளேயிருந்து, "என் வீட்டுக்குள்ள நான் வர்றதுக்கு இந்த இரும்புகிட்ட பர்மிஷன் கேக்கணுமா?" என்றாள். அவருக்குக் கேட்காத அளவுக்குத்தான் சொன்னாள். கொட்டகையை மட்டும் அவள் போடவே இல்லை. அதை அவளும் ரோலரும் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டார்கள்.

எனக்குப் போனது பெரியப்பா. தொட்டிக்குள் இறங்க முடியாது, மேலே சாய முடியாது, பேசினாலும் கைகட்டி நின்று பேசவேண்டும். ஒரே கூட்டாளி திடீரென்று சாமியாகிவிட்டால் என்ன செய்வது? வேண்டுதலைத்தான் சொல்லலாம். ஆள் வரட்டும் என்று வேண்டினேன். யாரும் வரவில்லை. முதல் வெள்ளிக்கிழமை கொஞ்சம் பேர் வந்தார்கள், அப்புறம் மழை, வழுக்கல், அட்டைப்பூச்சி. அப்பாதான் மாலையில் இடது கையால் நெருப்புக்குச்சியைப் பெட்டியில் உரச முடியாமல், பெட்டியை என்னைப் பிடிக்கச் சொல்லி, தன் வலது கையைத் தின்ற மெசினுக்கு விளக்கேற்றிக்கொண்டிருந்தார். விளக்கின் வெளிச்சத்தில் நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன் நிற்பது, யாரும் வராத கடையில் கல்லாவில் நிற்பதுபோல் இருக்கும்.

ஹால் பேச்சு மேலே நடந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒவ்வொன்றும் பொட்டில் போய் முட்டியது. இளந்தாரிகள் பேட்மிண்டன் கோடு போடலாம் என்றார்கள். சப்பாத்து, அதாவது ஷூ, போடாமல் ஆடமுடியுமா என்று நின்றுபோனது. மாதம் ஒரு படம் காட்டலாம் என்றார்கள். சாமி முன்னாடி கதாநாயகி மழையில் நனைவதா என்று கங்காணி கேட்டார், அதுவும் நின்றுபோனது. கடைசியில் கல்யாணத்துக்கே வந்தது. மாப்பிள்ளை வீட்டார் தாலி கட்டிய மறுநாள் அதே இடத்தில் ஆட்டுக்கறி விருந்து போடவேண்டும், அது எங்கள் பக்கத்து வழக்கம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். ரோலர் இருக்கும் கூரைக்குள் கறி ஆகாது என்றார் கங்காணி.

அஞ்சலைப் பெரியம்மா எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்து அம்மாவிடம் அழுதாள். "காப்பாத்தணும்னு வெச்ச பொட்டு, நம்ம கழுத்தயே புடிக்குதே தங்கச்சி."

"அழிச்சிட்டுப் போங்கக்கா. நீங்க வெச்சதுதானே" என்றாள் அம்மா.

"பொண்ணு கல்யாணத்த வெச்சுக்கிட்டு என் கையால பொட்ட அழிக்கவா?"

வைப்பது யாரும் வைக்கலாம். அழிப்பது என்றால், எங்கள் பொம்பளைகளில் ஒருத்தியின் கையும் எழாது. ஆம்பளைகளைக் கேட்டால் அவர்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மழை வலுத்துக்கொண்டே போனது. மாமா வீட்டுக்கு எழுதிப்போடலாமா என்று அம்மா அப்பாவைக் கேட்டது எனக்குக் கேட்டது.

இப்படி இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. மேலே புதுத் தொழிற்சாலையில் பூஜை முடிந்ததும், கீழேயும் ஒரு பூஜை போடாவிட்டால் குற்றமாகிவிடும் என்று கங்காணி எல்லாரையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். நான் வாசலிலேயே நின்றேன். ஒரு செருப்பு, பிறகு ஒன்று, பிறகு கணக்கே இல்லாமல். படி நிறைந்து, படிக்குக் கீழே சேற்றில், ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு. பூஜை உள்ளே நடந்தது. நான் வெளியே செருப்புகளைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் மிகை, ஆனால் ரொம்ப மிகை இல்லை.

பூஜை முடிந்து, தரையில் உட்கார்ந்து எல்லாரும் சுண்டல் தின்றார்கள். யாரோ ரோலருக்குப் புதுமாலை நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்பா சுண்டலை மென்றுகொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"ம். என் கையத் தின்னுட்டு, ஒரு வேலையும் பாக்காம, உக்காந்துக்கிட்டே சூடம் வாங்குது. துரையா பொறந்திருக்கவேண்டியது."

முதலில் யாரும் சிரிக்கவில்லை. பிறகு அம்மா சிரித்தாள். அப்புறம் கூரைத் தகரம் அதிரும்படி எல்லாரும். கங்காணிகூட வாயில் துண்டை வைத்துக்கொண்டார். சிரிப்பு அடங்கும்போது அஞ்சலைப் பெரியம்மா மட்டும் சுண்டல் கையோடு கங்காணியின் பக்கம் திரும்பினாள்.

"கங்காணி, நாளைக்கு மேல மெசின ஓட்டுவாங்கல்ல?"

"பூசைக்கு மறுநாளு ஓட்டித்தானே ஆவணும். சும்மா வெச்சா பூச பண்ணதுக்கே அர்த்தம் இல்லியே."

"அப்ப இத?"

கங்காணி ரோலரைப் பார்த்தார். "இது ஓடாதேம்மா."

"ஓட்டுனா?"

கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் நேர்மையானவர், தான் சொல்லும் வார்த்தைக்குத் தானே கட்டுப்படுகிறவர். "ஓட்டுனா… ஓட்டுனா அது மெசினுதான்."

"மெசினு முன்னாடி கறி திங்கலாமா?"

"ஏம்மா, ரோலர் ரூம்புல கருவாடு திங்காதவன் இங்க எவன்?" என்றார் கங்காணி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்திருக்கவேண்டும்.

மறுநாள் ஆம்பளைகள் மண்ணெண்ணெய் டின்னும் கயிறுமாக வந்தார்கள். துருப்பிடித்த இடத்திலெல்லாம் எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பெல்ட் ஓடுகிற பெரிய சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி, வாசல்வரை வரிசையாக நின்று பிடித்துக்கொண்டார்கள். மெசின் ஓட்டினால் கொழுந்து போடவேண்டும். அஞ்சலைப் பெரியம்மா மடியில் கொழுந்து வைத்திருந்தாள். ஆனால் கிட்டே போக யாரும் முன்வரவில்லை. இளந்தாரிகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்பாதான் போய், இடது கையை நீட்டி அவளிடமிருந்து வாங்கி, மூன்று வருஷமாகத் தொடாத அந்த மேசைமேல் குனிந்து கொழுந்தைத் தூவினார். தூவிவிட்டுக் கையை எடுக்கவில்லை. இரும்பின்மேல் வைத்தபடி நின்றார்.

"கைய எடுங்க" என்று அம்மா கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

அப்பா எடுத்தார். "இழுங்க" என்றார்.

இழுத்தார்கள். முதலில் கட்டடம் முனகியது, அப்புறம் ரோலர் முனகியது, அப்புறம் தொட்டி, தூக்கத்தில் புரளும் மாடுபோல் ஒரு பக்கமாக நகர்ந்து, முக்கால் சுற்று சுற்றி, நின்றுவிட்டது. அதற்குமேல் ஓர் அங்குலம் நகரவில்லை. நசுங்கிய பச்சைக் கொழுந்தின் வாசம் வந்தது. எல்லாரும் கங்காணியின் வாயைப் பார்த்தார்கள்.

"ஓடிருச்சு" என்றார் கங்காணி.

பொட்டை யாரும் அழிக்கவில்லை. வழிந்த மண்ணெண்ணெயில் அது தானாகவே கரைந்து இறங்கியிருந்தது. அஞ்சலைப் பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், அந்த இடத்தைத் துடைக்கவில்லை.

கல்யாணம் நடந்தது. அடைமழைதான், ஆனாலும் சாம்பார் சாம்பாராகவே இருந்தது. மறுநாள் கறி விருந்து. ரோலர் மேசைமேல் வாழையிலைக் கட்டை வைத்தார்கள், அதன் தொட்டிக்குள் சின்னப் பிள்ளைகள் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். செருப்புப் போட்டுக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டபோதும் எல்லாரும் பழக்கத்தில் வாசலிலேயே கழற்றிப் போட்டார்கள். செருப்புகள் ஆற்றங்கரைவரை போயிருந்தன. இரும்புத் தவுக்கேகூட ஒரு கூடை ஆரஞ்சோடு வந்து, கறி தின்னுமுன் மெசினைப் பார்த்து ஒரு சந்தேகக் கும்பிடு போட்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் "இதான் ஒன் ரூம்பா?" என்று எட்டிப் பார்த்தார்கள். நான் தொட்டிக்குள் ஏறி நின்று, கங்காணி மாதிரி இடுப்பில் துண்டைக் கட்டி, "ஓட்டுனா அது மெசினுதான்" என்றேன். கங்காணிதான் முதலில் சிரித்தார். தட்டுகளுக்குச் சிரிக்கத் தெரியாது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பொழுது சாய்வதற்குள் எல்லாரும் மேலே ஏறிவிட்டார்கள். மூடுபனி இறங்கி வந்தது. கூட்டம் வருமுன் இருந்த அமைதி எனக்குப் பழக்கமானது. கூட்டம் போனபின் வந்த அமைதி வேறு ஆள். வாசலில் அதே மூன்று ஜோடிச் செருப்பு. கூடவே ஓர் ஒற்றைச் செருப்பு, நீல வார், யாரோ சேற்றில் தேடிக் கிடைக்காமல் விட்டுப்போனது. அதைக் கழுவி, எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தேன். பள்ளிக்கூடம் விட்டு இறங்கி வரும்போது, தூரத்திலிருந்து பார்த்தால் வீட்டுக்கு யாரோ வந்திருப்பதுபோல் தெரியும். அம்மா அதை ரொம்ப நாள் எடுத்துப்போடவில்லை.

ஹால் நன்றாகத்தான் நடந்தது. மாடித் தட்டுகளைக் கழற்றி பெஞ்சு செய்தார்கள்; என் ரசிகர்கள்மேல் ஜனங்கள் உட்கார்ந்தார்கள். பேட்மிண்டன் ஆடினார்கள், ரோலரைச் சுற்றி ஆடத் தெரிந்தவன் எந்த ஆட்டத்திலும் தோற்கமாட்டான் என்று பீற்றிக்கொண்டார்கள். எண்பதுகள் தொடங்கும்போது ஆபீஸ் ஒரு டிவி பெட்டி கொடுத்தது. தமிழ்ப்படம் போடும் நாளில் வாசல் நிறையச் செருப்பு. அப்புறம் ஒவ்வொரு லயத்து வீட்டிலும் டிவி வந்தது. யாரும் யாரிடமும் சண்டைபோடவில்லை, யாரும் எதையும் மூடவில்லை; செருப்புகள் மட்டும் குறைந்துகொண்டே வந்தன. நான் படிக்கவென்று ஈப்போ போனேன். அப்பா கடைசிவரை ஜாகாவாகவே இருந்தார். எதனிடமிருந்து காவல் என்று அந்த வயதில் எனக்குக் கொஞ்சம் புரிந்திருந்தது. அவரும் அம்மாவும் போய், அஞ்சலைப் பெரியம்மாவும் போய், லயத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒவ்வொன்றாக நகரங்களுக்கு இறங்கிவிட்டது.

போன மாதம் பிரிஞ்சாங்கில் ஒரு விருந்தில் தமாஷாகப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மறுநாள் அங்கே போனேன். பழைய தொழிற்சாலை இப்போது சாப்பாட்டுக் கடை. ஆற்றைப் பார்த்தபடி தேத்தண்ணி குடிக்கலாம். கட்டடத்தை நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார்கள், குறை சொல்ல மனசு வரவில்லை. சரிவில் இறங்கும்போதே சத்தம் கேட்டது. உள்ளே இடம் கொள்ளாத கூட்டம். எங்கள் அறையில் கை கழுவுகிறார்கள். ரோலரைத் துருப்போகத் தேய்த்து, மேலே கண்ணாடி போட்டு மேசையாக்கி, சுற்றி ஆறேழு பேர் உட்கார்ந்து கோழிக்கறி தின்றுகொண்டிருந்தார்கள். சந்தனம் அப்பிய இடத்தில் ஒருவர் தன் போனைச் சாய்த்து வைத்திருந்தார். ஆள் வரட்டும் என்று நான் வேண்டிக்கொண்டதை அது மறக்கவில்லை. கொஞ்சம் மெதுவான மெசின், அவ்வளவுதான்.

பரிமாறுகிற நேப்பாளத்துப் பையன் வந்தான். "செஓராங் சாஜா, காக்?" என்றான். ஒருத்திதானா, அக்கா?

"ஆமாம்" என்றேன். தனியாக வருகிறவர்களுக்கு ஜன்னலோரம் ஒரு நீளப் பலகை இருக்கிறது, அங்கே உட்காரச் சொல்லிக் கை காட்டினான். காட்டியவன் என் வெறுங்காலைப் பார்த்தான். அப்போதுதான் நானும் பார்த்தேன். உள்ளே எல்லாரும் சப்பாத்தோடு இருந்தார்கள்.

திரும்பி வாசலைப் பார்த்தேன். படியின் நடுவில், நன்றாகத் தெரிகிறமாதிரி, ஒரே ஒரு ஜோடிச் செருப்பு கிடந்தது.